நிகழ்வு ஆய்வு: லிஃப்ட் நகர்ந்தால் ஆடிய ஒளி

பின்னணி

20 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கட்டடங்களை இணைக்கும் ஓர் ஒளியிழைத் தடம். ஆவணத்தில் முழுக்க சிங்கிள்மோட் (ஒளி ஒரே பாதையில் மட்டும் போகும் மெல்லிய உள்ளகம் கொண்ட இழை), ஜி.652 என்ற வழக்கமான தர வகை என்று இருந்தது. இரு முனையிலும் ஜிகாபிட் சுவிட்ச், 1310 நானோமீட்டரில் ஒளி விடும் சாதாரண மாடியூல் (லேசரும் ஒளி வாங்கும் பகுதியும் சேர்ந்த செருகுபெட்டி). பல வருடங்களாக அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

அப்புறம் அதே இழையில் கூடுதல் சேனல்களை ஏற்ற வேண்டிய நிலை வந்தது. 20 நானோமீட்டர் இடைவெளியில் தனித்தனி அலைநீளங்களைச் சேர்த்தனுப்பும் சிடபிள்யூடிஎம் பெட்டிகள் இரு முனையிலும் வைக்கப்பட்டன. மாடியூல்களும் மாறின. பல அலைநீளக் கோடுகளில் ஒளிரும் பழைய ஃபேப்ரி-பெரோ லேசர் போய், 1471 முதல் 1611 நானோமீட்டர் வரை சேனலுக்கு ஒன்றாக ஒரே மெல்லிய கோட்டில் ஒளிரும் எட்டு டிஎஃப்பி லேசர்கள் வந்தன. பழையதைவிட எல்லா வகையிலும் தரமான லேசர்கள்தான். ஆனால் மாற்றிய கையோடு புகார்களும் வர ஆரம்பித்தன.

ஒரு சேனல் சில நிமிடம் பிழைகளைக் கொட்டும், தானாகவே அடங்கும். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு சேனலில் அதே கதை. எட்டும் சேர்ந்து ஒருபோதும் விழுந்ததில்லை. விடையின் பாதி இந்த ஒரு தகவலிலேயே இருந்தது. கனெக்டர் முகத்தில் அழுக்கு என்றால் எல்லா அலைநீளமும் ஏறக்குறைய ஒரே அளவில் அடி வாங்கும். இழை எங்கோ இறுக்கமாக வளைந்திருந்தால் 1611-தான் முதலில் சாகும், 1471 கடைசிவரை தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் வளைவு இழப்பு அலைநீளம் கூடக்கூட அதிகமாகும். இங்கே அப்படி எந்த வரிசையும் இல்லை. இன்று 1531, நாளை 1491, மறுநாள் இரண்டும் நன்றாக இருந்து 1591 தடுமாறும்.

வழக்கமான சோதனைகள் சொன்னது

முதலில் செய்யப்பட்டவை எல்லோரும் செய்பவைதான். கனெக்டர்களைத் துடைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பேட்ச் கார்டுகளை (கருவிகளை இணைக்கும் குட்டை இழைகள்) மாற்றினார்கள். மாடியூல்களை இடம் மாற்றிப் போட்டார்கள். பிழை மாடியூலோடு நகரவில்லை. சேனலோடும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் சோதனையில் ஒரே ஒரு உறுத்தல். ஒரு கட்டடத்தின் நுழைவாயிலுக்கு அருகே ஒன்றரை டெசிபல் அளவில் ஓர் இழப்பு (3 டெசிபல் என்றால் ஒளி பாதியாகும்). இழைகளை உருக்கி ஒட்டும் நல்ல ஃப்யூஷன் ஸ்ப்ளைஸில் 0.1 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டிய இடம் அது. ஆனாலும் 'ஒரு மோசமான ஸ்ப்ளைஸ்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இழை 5, இரு பெட்டிகள் 5, கனெக்டரும் பேட்ச் கார்டும் 2, இந்த ஸ்ப்ளைஸ் ஒன்றரை என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் மாடியூல்கள் தாங்கும் இழப்பில் 4 டெசிபலுக்கு மேல் மிச்சம் இருந்தது. காகிதத்தில் தடம் ஆரோக்கியம்.

கவனிக்க வேண்டியது ஓடிடிஆரின் துடிப்பு நீளம். 20 கிலோமீட்டர் பார்க்க வேண்டும் என்பதால் 1 மைக்ரோவினாடித் துடிப்பு வைத்திருந்தார்கள். இழைக்குள் ஒளி போய்வரும் கணக்கில் அது 100 மீட்டர் அகலம். அந்த 100 மீட்டருக்குள் இரண்டு ஸ்ப்ளைஸ் இருந்தாலும் ஒன்றாகத்தான் தெரியும். அவற்றுக்கு நடுவே என்ன வகை இழை இருக்கிறது என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் ஏறவே ஏறாது.

மாடியூல்களுக்குள்ளேயே ஒளி அளவைச் சொல்லும் வசதி உண்டு. கண்காணிப்பு மென்பொருள் அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பதிந்துகொண்டிருந்தது. அந்தப் பதிவில் ஏதோ கொஞ்சம் சிதறல் தெரிந்ததே தவிர, வடிவம் என்று எதுவும் பிடிபடவில்லை. இடைவெளியை ஒரு வினாடியாகக் குறைத்ததும் படம் மாறியது. பெறுமுனையின் அளவு நிலையாக நிற்கவில்லை. மெதுவாக ஏறி, இறங்கி, சில நேரம் திடீரென்று படபடத்து, மறுபடி அமைதியானது.

அந்தப் படபடப்புக்குக் காரணம் கண்டுபிடித்தவர் அறைக்கு வெளியே தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த டெக்னீஷியன். "சார், லிஃப்ட் கிளம்புறப்பதான் ரீடிங் ஆடுது. நின்னா நின்னுடுது. நீங்களே பட்டனை அமுக்கிப் பாருங்க" என்றார். அமுக்கிப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். லிஃப்ட் வேகம் எடுக்கும்போது அலைவுகள் நெருக்கமாகின, தளத்தில் நிற்கும்போது ஓய்ந்தன. லிஃப்ட் குழியை ஒட்டிய கேபிள் குழாய் வழியாகத்தான் இழை மேலே போகிறது என்று வரைபடம் சொன்னது.

தீர்ப்புச் சொன்ன சோதனை

சிங்கிள்மோட் இழையைத் தட்டினாலோ லேசாக ஆட்டினாலோ, இறுக்கமாக வளைத்தால் ஒழிய, கடந்து வரும் ஒளியின் அளவு இப்படி மாறாது. உள்ளே ஒளிக்கு ஒரே ஒரு பாதைதான். ஒரே பாதையில் வரும் ஒளி தன்னோடு தானே மோதிக்கொள்ள வழியில்லை. அளவு ஏறி இறங்குகிறது என்றால் எங்கோ ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன, அவை கடைசியில் ஒன்றுசேர்கின்றன என்று அர்த்தம்.

இதை உறுதிசெய்ய ஒளிமூலத்தை மட்டும் மாற்றினோம். அகன்ற நிறமாலை கொண்ட மூலத்தை வைத்தபோது அளவு கல்போல நின்றது. இழப்பு ஓடிடிஆர் சொன்ன அதே ஒன்றரை டெசிபல் கணக்கோடு ஒத்துப்போனது, லிஃப்ட் ஓடினாலும் அசையவில்லை. அதே இழையில் டிஎஃப்பி லேசரை வைத்ததும் ஆட்டம் திரும்பி வந்தது. அடுத்து லேசரின் வெப்பநிலையை மெதுவாக உயர்த்தினோம். டிஎஃப்பி லேசரின் அலைநீளம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் நகரும். அது நகர நகரப் பெறுமுனையின் அளவு ஒழுங்காக ஏறி ஏறி இறங்கியது. ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூடியும் குறைந்தும் போகும் குறுக்கீட்டு விளைவுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நுழைவாயில் ஸ்ப்ளைஸ் பெட்டியைத் திறந்தபோது வெளியே எட்டிப் பார்த்தது மஞ்சள் நிறப் பிக்டெயில் (ஒரு முனையில் மட்டும் கனெக்டர் உள்ள குட்டை இழை), அதாவது சிங்கிள்மோட். மேல்தளத்துப் பெட்டியிலும் மஞ்சள்தான். தட்டுகளைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் ஏறத்தாழ 60 மீட்டர் ஆரஞ்சு உறை கேபிள், 50/125 மல்டிமோட், அதாவது 50 மைக்ரோமீட்டர் உள்ளகத்தில் ஒளி பல பாதைகளில் போகும் இழை. கட்டடத்துக்குள் ஒரு காலத்தில் மல்டிமோட்தான் ஓடியிருக்கிறது. வெளியிலிருந்து சிங்கிள்மோட் வந்தபோது, குழாயில் ஏற்கெனவே கிடந்த இழையையே இரு முனையிலும் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். இரண்டு வகை இழைக்கும் வெளிவிட்டம் 125 மைக்ரோமீட்டர்தான். ஒட்டும் இயந்திரம் முரண்டு பிடித்திருக்காது. ஒட்டி முடித்துச் சோதித்தவருக்கும் இணைப்பு வேலை செய்திருக்கும்.

ஏன் வேலை செய்தது

இந்தப் பகுதியைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் துறையில் பலர் நம்பும் ஒரு கணக்கு இங்கே தவறாகப் போகிறது. 'மல்டிமோடிலிருந்து சிங்கிள்மோடுக்கு ஒளி போனால் 20 டெசிபல் போய்விடும், அப்படி ஒரு கோளாறு இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்' என்பார்கள். 50 மைக்ரோமீட்டர் உள்ளகமும் 0.2 எண் துளையும் (ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) கொண்ட இழை 1550 நானோமீட்டரில் ஏறத்தாழ 100 மோட்களை, அதாவது ஒளி பரவும் தனித்தனி வடிவங்களை, தாங்கும். எல்லா மோட்களிலும் ஒளி சமமாக நிரம்பியிருந்தால், சிங்கிள்மோட் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். நூறில் ஒன்று, அதாவது 20 டெசிபல். கணக்கு சரிதான், 'நிரம்பியிருந்தால்' என்ற சொல் மட்டும் இங்கே பொருந்தாது.

சிங்கிள்மோடிலிருந்து மல்டிமோடின் நட்டநடுவில் ஒளி நுழையும்போது நூறு மோட்களும் நிரம்புவதில்லை. சிங்கிள்மோட் இழையில் 1550-இல் ஒளிப்புள்ளியின் விட்டம் சுமார் 10.4 மைக்ரோமீட்டர். உள்ளகத்தின் நடுவிலிருந்து ஓரம்வரை ஒளிவிலகல் எண் படிப்படியாகக் குறையும் மல்டிமோட் இழையில் அடிப்படை மோடின் விட்டம் கணக்குப்படி 15.7 மைக்ரோமீட்டர். இரண்டும் அவ்வளவு தூரம் வேறுபடவில்லை. மையம் தவறாமல் ஒட்டினால் ஒளியின் 85 சதவீதம் அந்த ஒரே அடிப்படை மோடுக்குள் போய்விடும். அடுத்த வட்டச் சமச்சீர் மோடுக்கு 13 சதவீதம். மிச்சம் இரண்டு சதவீதம் மேலே உள்ளவற்றில் சிதறும். 60 மீட்டர் தூரம் மோட்கள் பெரிதாகக் கலந்துகொள்ளப் போதாது. மறுமுனையில் சிங்கிள்மோட் காத்திருக்கும்போது ஒளியின் பெரும்பகுதி அது ஏற்கும் வடிவத்திலேயே வந்துசேர்கிறது.

சிக்கல் அந்த 13 சதவீதத்தில் இருக்கிறது. அடிப்படை மோடும் அடுத்த வட்ட மோடும் சற்றே வேறுபட்ட வேகத்தில் போகின்றன. இரண்டுக்கும் உள்ள கட்ட வேறுபாடு (ஒரு அலை மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது என்பது) ஒரு முழுச் சுற்று ஆக இந்த இழையில் 0.58 மில்லிமீட்டர் போதும். அதாவது நுழைந்த ஒளிக்கற்றை விரிந்து, பழையபடி குவிந்து, 0.58 மில்லிமீட்டருக்கு ஒருமுறை நுழைந்த உருவத்துக்கே திரும்பிவிடுகிறது. குவிந்த இடத்தில் இழை முடிந்தால் சிங்கிள்மோட் முழுவதையும் வாங்கிக்கொள்ளும், இழப்பு ஏறக்குறைய பூச்சியம். நன்கு விரிந்த இடத்தில் முடிந்தால் 2.7 டெசிபல் போகும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சராசரியைக் கணக்கிட்டால் 1.3 டெசிபல் வருகிறது. இரண்டு ஸ்ப்ளைஸின் சொந்த இழப்பையும் சேர்த்துக்கொண்டால், ஓடிடிஆரும் அகன்ற நிறமாலை மூலமும் காட்டிய ஒன்றரை டெசிபல் இதுதான். அவை பொய் சொல்லவில்லை. பல அலைநீளங்களின் சராசரியைச் சொன்னன. டிஎஃப்பி லேசருக்குச் சராசரி கிடைப்பதில்லை. அதன் ஒளி ஒரே ஒரு மெல்லிய கோடு. ஏற்ற இறக்கத்தில் எந்தப் புள்ளியில் அந்தக் கோடு விழுகிறதோ அதுதான் அதற்குக் கிடைக்கும் இழப்பு.

2.7 டெசிபல் ஆட்டத்துக்கு 4 டெசிபல் மிச்சம் தாங்கியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். மையம் தவறாமல் இருந்தால் தாங்கியிருக்கும். 3 மைக்ரோமீட்டர் விலகி ஒட்டினால் அடிப்படை மோடுக்குப் போகும் பங்கு 69 சதவீதமாகக் குறைந்துவிடும். மீதி 31 சதவீதமும் எதிர்க் கட்டத்தில் வந்துசேரும் மோசமான தருணத்தில் இழப்பு 8 டெசிபலைத் தாண்டும். மல்டிமோட் பெட்டிகளில் 3 மைக்ரோமீட்டர் விலகலை யாரும் குறையாகவே நினைப்பதில்லை. 50 மைக்ரோமீட்டர் உள்ளகத்துக்கு அது ஒரு பொருட்டா?

சரி, லிஃப்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 60 மீட்டரை 0.58 மில்லிமீட்டரால் வகுத்தால் ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் வருகிறது. மொத்தக் கட்ட வேறுபாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலே பெறுமுனையில் ஒரு முழு ஏற்ற இறக்கம். கேபிள் கொஞ்சம் அதிர்ந்தால் போதும், சில டிகிரி சூடேறினால் போதும். பகலில் மெதுவாக வந்த அலை கட்டடத்தின் வெப்பநிலை. திடீர்ப் படபடப்பு லிஃப்ட். எட்டுச் சேனலும் வெவ்வேறு அலைநீளம் என்பதால் ஒவ்வொன்றும் தன் சுற்றின் வெவ்வேறு இடத்தில் நிற்கும். அதனால்தான் சேனல்கள் முறை வைத்து விழுந்தன.

பழைய ஃபேப்ரி-பெரோ மாடியூல் ஏன் தப்பித்தது என்பதற்கும் இதுவே விடை. அந்த லேசர் ஒரே கோட்டில் ஒளிர்வதில்லை. சில நானோமீட்டர் அகலத்துக்குள் பல கோடுகள். ஒரு கோடு பள்ளத்தில் இருக்கும்போது மற்றொன்று மேட்டில் இருக்கும். மொத்தத்தில் ஆட்டம் அமுங்கிவிடும். லேசர் தரமாகத் தரமாக இந்தக் கோளாறு பெரிதாகத் தெரியும் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். புதிய விஷயமும் இல்லை. ஒத்தியைபு அதிகமான (ஒளி அலைகள் சீராக ஒத்துப்போகும்) லேசரும், வழியில் சில மோட்களை மட்டும் வெட்டும் ஓர் இணைப்பும் சேர்ந்தால் ஒளி அளவு ஆடும் என்பதை எப்வொர்த் 1978-லேயே ஐரோப்பிய ஒளித்தொடர்பு மாநாட்டில் விளக்கிவிட்டார். மோடல் இரைச்சல் என்ற பெயரில் அது பாடப்புத்தகங்களுக்குள்ளும் வந்துவிட்டது. மல்டிமோட் தடங்கள் குறுந்தூரத்துக்கு ஒதுங்கியதும் பலருக்கு அது மறந்துபோனது.

நடுவில் ஒருவர் மோட் கண்டிஷனிங் பேட்ச் கார்டு போட்டுப் பார்க்கலாமே என்றார். அது வேறு நோய்க்கான மருந்து. 1998-இல் ஜிகாபிட் ஈதர்நெட் தரம் வந்தபோது, 1310 நானோமீட்டர் லேசரை மல்டிமோடில் நேராக நடுவில் செலுத்தினால் பழைய இழைகளின் மையக் குறைபாடு துடிப்புகளைப் பிளந்தது. அதைத் தவிர்க்க ஒளியை வேண்டுமென்றே மையத்திலிருந்து தள்ளிச் செலுத்தும் கார்டு அது. மறுமுனையில் மல்டிமோட் ரிசீவர் இருந்தால் பிரமாதமாக வேலை செய்யும். இங்கே மறுமுனையில் சிங்கிள்மோட் இருக்கிறது. தள்ளிச் செலுத்தியிருந்தால் ஒளி இன்னும் பல மோட்களில் சிதறி, இப்போது கிடைப்பதும் கிடைக்காமல் போயிருக்கும்.

தீர்வு எளிமையானது. அதே குழாயில் புதிய சிங்கிள்மோட் கேபிளை இழுத்து, இரு முனையிலும் புதிதாக ஒட்டினார்கள். ஒன்றரை டெசிபல் மறைந்தது. எட்டுச் சேனலின் வரைபடமும் நேர்கோடானது. லிஃப்ட் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அசைவில்லை.

அதே இயற்பியலை வேலைக்கு வைத்தால்

பழைய மல்டிமோட் கேபிள் குழாயிலேயே கிடந்தது. ஒரு முனையில் டிஎஃப்பி லேசரும் மறுமுனையில் ஒரு சிங்கிள்மோட் துண்டு வழியாக ஒரு ஃபோட்டோடையோடும் வைத்தால் அது அப்படியே ஓர் அதிர்வு உணரி. லிஃப்ட் ஓடுவதும், குழாய்க் கதவு தட்டப்படுவதும் தெளிவாகத் தெரிந்தன. மல்டிமோட் இழையின் மோட் குறுக்கீட்டைப் புள்ளிவிவர முறையில் படித்து அதிர்வை உணரலாம் என்று ஸ்பில்மன் குழுவினர் 1989-இல் காட்டினார்கள். வேலிகளில் இழையைக் கட்டி யாராவது ஏறினால் எச்சரிக்கும் கருவிகளிலும் இதே தத்துவம் பயன்படுகிறது.

ஆனால் இதை வெப்பநிலைமானி என்று சொல்லிக் கொடுத்தால் நான் வாங்கமாட்டேன். ஒரு லட்சம் சுற்றுகளில் இப்போது எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று தெரியாது. மின்சாரம் போய் வந்தால் எண்ணிக்கை தொலைந்துவிடும். கூடவே அதிர்வு, வளைவு, வெப்பம் மூன்றும் ஒரே அளவீட்டில் கலந்து வரும். ஏதோ நடந்தது என்பதைச் சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது.

எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் மல்டிமோட் துண்டைக் குட்டையாக்க வேண்டும். உணரித் துறையில் எஸ்எம்எஸ் அமைப்பு என்று அழைப்பது இதைத்தான்: சிங்கிள்மோட், அளந்து வெட்டிய ஒரு மல்டிமோட் துண்டு, மறுபடி சிங்கிள்மோட். நடுவில் உள்ளகமே இல்லாத, முழுக்க ஒரே கண்ணாடியாலான 125 மைக்ரோமீட்டர் இழையை வைப்பது பலருக்கும் பிடித்த வழி. அங்கே கண்ணாடி முழுவதுமே உள்ளகம், வெளியே இருக்கும் காற்றோ திரவமோதான் உறை. ஒட்டவும் சுலபம், வெளிவிட்டத்தை வைத்து நேர்ப்படுத்தினாலே மையம் கிடைத்துவிடும்.

இப்படிப்பட்ட துண்டில் நுழைந்த ஒளி மறுபடி தன் உருவத்துக்கே திரும்பும் நீளம், ஒளிவிலகல் எண்ணை விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்து, வருவதை நான்கால் பெருக்கினால் கிடைக்கும். 1.444 ஒளிவிலகல் எண், 125 மைக்ரோமீட்டர் விட்டம், 1550 நானோமீட்டர் என்று போட்டால் சுமார் 58 மில்லிமீட்டர். இந்த நீளத்துக்கு வெட்டினால் 1550-ஐ ஒட்டிய ஒளி மட்டும் நன்றாகக் கடக்கும், இருபுறமும் படிப்படியாகச் சரியும். உச்சி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் அளவீடு. ஒளியின் மொத்த அளவு கூடிக் குறைந்தாலும் உச்சியின் இடம் மாறாது. அடையாளம் தெரியாத ஒரு லட்சம் சுற்றுகளுக்குப் பதில் தேடுவதற்கு ஒரே ஓர் உச்சி.

அதே சூத்திரத்தைத் திருப்பினால் உணர்திறனும் வந்துவிடும். இழையை இழுத்தால் நீளம் கூடுகிறது, விட்டம் குறைகிறது, ஒளிவிலகல் எண்ணும் சற்றுக் குறைகிறது. மூன்றும் உச்சியைக் குறுகிய அலைநீளத்தின் பக்கமே தள்ளுகின்றன. சிலிக்காவின் வழக்கமான மாறிலிகளைப் போட்டால், ஒரு மைக்ரோதிரிபுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) ஏறத்தாழ 2.4 பிகோமீட்டர் கீழ்நோக்கி. வெப்பநிலை கூடினால் ஒளிவிலகல் எண் கூடுகிறது. ஒரு டிகிரிக்குச் சுமார் 11 பிகோமீட்டர் மேல்நோக்கி.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும்படி இழைக்குள்ளேயே எழுதப்படும் பிராக் கிரேட்டிங் உணரியில் இரண்டுமே ஒரே திசையில் போகும்: ஒரு மைக்ரோதிரிபுக்கு 1.2, ஒரு டிகிரி வெப்பத்துக்கு 10 பிகோமீட்டர் அளவில், இரண்டும் மேல்நோக்கி. கிரேட்டிங் மட்டும் இருந்தால் உச்சி நகர்ந்தது இழுத்ததாலா சூடேறியதாலா என்று சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில் ஒரு எஸ்எம்எஸ் துண்டையும் ஒட்டிவிட்டால் நிலைமை மாறுகிறது. 100 மைக்ரோதிரிபும் 5 டிகிரியும் சேர்ந்து வந்ததாக வைத்துக்கொள்வோம். கிரேட்டிங் 170 பிகோமீட்டர் மேலே போகும், எஸ்எம்எஸ் 185 பிகோமீட்டர் கீழே போகும். இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண், அதுவும் திரிபுக்கு எதிரெதிர்க் குறியோடு. தனித்தனியாகப் பிரித்துவிடலாம்.

வெளியே இருக்கும் திரவத்தின் ஒளிவிலகல் எண்ணையும் இதே துண்டு உணரும். உறை என்பதே அந்தத் திரவம்தான் என்பதால், ஒளி அதற்குள் எட்டிப் பார்க்கும் ஆழம் மாறும்போது உச்சி நகரும். திரவத்தின் எண் கண்ணாடியின் 1.44-ஐ நெருங்க நெருங்க உணர்திறன் ஏறிக்கொண்டே போகும். அதைத் தாண்டினால் முழு அகப் பிரதிபலிப்பு போய்விடும், ஒளி வெளியே கசிய ஆரம்பிக்கும்.

விற்பனைத் தாள்களில் வராத பக்கமும் உண்டு. 58 மில்லிமீட்டரில் 0.1 மில்லிமீட்டர் தவறாக வெட்டினால் உச்சி 2.7 நானோமீட்டர் தள்ளிப் போகும். விட்டத்தில் 0.7 மைக்ரோமீட்டர் வித்தியாசம் இருந்தால் 17 நானோமீட்டர். விட்டம் வர்க்கத்தில் வருவதால் இந்தத் தண்டனை. ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளவுதிருத்தம் செய்தே ஆக வேண்டும், ஒன்றின் அட்டவணையை இன்னொன்றுக்குப் போட முடியாது. உச்சியும் கிரேட்டிங்கைப்போல் ஊசியாக இருக்காது, பல நானோமீட்டர் அகலமான மேடு. அதன் மையத்தைப் பிகோமீட்டர் துல்லியத்தில் பிடிப்பது சிரமம். மேலுறை உரித்த வெற்று இழை என்பதால் நேராக, இறுக்கமாகப் பதிக்காவிட்டால் சிறு வளைவும் திரிபுபோல் வேஷம் போடும். மலிவு என்பது கண்ணாடிக்குத்தான் பொருந்தும், படிக்கும் கருவிக்குப் பொருந்தாது.

தடத்தை ஒப்படைக்கும்போது

இந்த நிகழ்வுக்குப் பிறகு, பழைய கட்டடங்களின் ஊடாகப் போகும் தடங்களை ஏற்கும் முன் இன்னொரு சோதனையைச் சேர்த்திருக்கிறோம். அலைநீளம் மாற்றக்கூடிய ஒரு லேசரை 1 நானோமீட்டர் தூரத்துக்கு மெதுவாக நகர்த்தி, மறுமுனையில் அளவைப் பதிவது. முழுக்கச் சிங்கிள்மோட் என்றால் கோடு தட்டையாக வரும். நடுவில் மல்டிமோட் ஒளிந்திருந்தால் அலை தெரியும். ஒழுங்கான அலை என்றாலே மல்டிமோட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, இரண்டு கனெக்டர்களுக்கு இடையே ஒளி எதிரொலித்தாலும் சிற்றலை வரும். அது பொதுவாக மிகச் சிறியது, இழையைத் தொட்டு ஆட்டினால் ஒரேயடியாக உருமாறுவதுமில்லை.

அலையின் இடைவெளி ஒளிந்திருக்கும் துண்டின் நீளத்தையும் கோடிகாட்டும். மோட்களுக்கிடையே மீட்டருக்கு 1 பிகோவினாடி தாமத வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 60 மீட்டருக்கு 60 பிகோவினாடி. அதற்கு 1550-இல் அலை இடைவெளி 0.13 நானோமீட்டர். லேசர் ஒன்றேகால் டிகிரி சூடேறினாலே ஒரு முழுச் சுற்று. 3 மீட்டர் பேட்ச் கார்டு மட்டும் மாறிக் கிடந்தால் இடைவெளி 2.7 நானோமீட்டராக விரியும், 1 நானோமீட்டர் நகர்த்தல் அதைக் காட்டாமலேயே விட்டுவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் லேசரை 10 நானோமீட்டர்வரை நகர்த்த வேண்டும். அதற்கும் முன்னால் தட்டுகளைத் திறந்து உறையின் நிறத்தைப் பார்த்துவிட்டால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.